ஒரே எடைமேடை

அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர் நவ்ரீன், அட்டையைக் கையில் பிடித்தபடி நின்ற நர்ஸ் ஷாஸியா, ஜானட், அவளுடைய மாமியார் ரோசி, மேஜைமேல் மல்லாந்து கிடந்த போனுக்குள் ஜானட்டின் புருஷன் ஜெரி. இவர்களைத் தவிர இன்னொன்றும் இருந்தது. அது எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை விட்டுவைப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

திங்கட்கிழமை மதியம். கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். ஏ.சி. சத்தம் போட்டது, குளிரவில்லை.

"வெள்ளிக்கிழமை முந்நூத்தி நாப்பது" என்றார் டாக்டர், அட்டையைப் பார்த்து. "நேத்து நானூத்தி இருவது."

"ஏறித்தானே கீது டாக்டரு?" என்றாள் ரோசி. "எறங்கலியே."

"ஏறினா மட்டும் போதாதும்மா. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு பாக்கணும். கரு ஒட்டினதும் ரத்தத்துல ஒரு ஹார்மோன் சுரக்கும். அதைத்தான் பீட்டான்னு எழுதிக் குடுக்கறோம். ஆரம்பத்துல ரெண்டு நாளுக்கு ஒருதரம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும். கொறஞ்சது இருந்ததுல பாதியாவது கூடணும். இது கால்வாசி கூடியிருக்கு. கரு கர்ப்பப்பைக்கு வராம டியூப்ல மாட்டிக்கிட்டா இப்படித்தான் நொண்டும்."

டியூப் என்ற சொல்லைக் கேட்டதும் ரோசி கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். போனுக்குள் ஏதோ வண்டி பின்னால் வருகிற பீப் சத்தம் கேட்டது.

"ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலியா டாக்டர்?" என்று கேட்டாள் ஜானட்.

"தெரியல. பீட்டா இவ்வளவு கம்மியா இருந்தா, நல்ல கருவே ஆனாலும் தெரியாது. அதனால இப்போ எனக்கு இந்த நம்பர்தான் கண்ணு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "உனக்கு ஒரு பக்கம் டியூப் ஏற்கெனவே எடுத்தாச்சு. மிச்சம் ஒண்ணுதான். அதுவும் வெடிச்சா டியூபும் போச்சு, நீயும் தேறுவியான்னு சொல்ல முடியாது. ஒரு ஊசி இருக்கு. இன்னைக்கே போட்டா வளர்றது நின்னு தானா கரைஞ்சிடும். டியூப் மிஞ்சும்."

"போட்ருங்க டாக்டர்" என்றான் ஜெரி போனிலிருந்து. குரல் கரகரத்தது. "அவ இருந்தா போதும்."

டாக்டர் ஷாஸியாவிடம் எதையோ சொல்லத் தொடங்கி, நிறுத்தி, ஜானட்டைப் பார்த்தார்.

"ரெண்டு டெஸ்டும் ஒரே லேப்லதானே குடுத்த? லேபுக்கு லேப் மெஷின் வேற. அதுல வந்த நம்பரையும் இதுல வந்த நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாக்கக் கூடாது."

"ஆமா டாக்டர்" என்றாள் ஜானட். "ஒரே லேப்தான்."

பொய். நாக்கு தானாகச் சொன்ன பொய். சொல்லி முடித்த பிறகுதான் அது என்ன பொய் என்று அவளுக்கே புரிந்தது.

வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்தது திருவொற்றியூரில். அவள் வேலை செய்யும் கன்டெய்னர் கிடங்குக்குப் பக்கத்தில், சாப்பாட்டு நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை கொடுத்தது எம்.கே.பி. நகரில். திருவொற்றியூர் லேப் ஞாயிறு மூடியிருந்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து இன்னொன்று எடு என்று டாக்டர் சொன்னதை அவள் ஒரு மணி நேரம்கூடப் பிசகக் கூடாது என்று எடுத்துக்கொண்டாள். வீட்டுப் பக்கம், ராயபுரத்திலேயே, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் லேப் ஒன்று இருக்கிறதுதான். கோயில் வாசலுக்கு நேர் எதிரே. பூசை முடிந்து பங்குச் சனம் மொத்தமும் வெளியே வந்து நிற்கிற இடம். அந்த லேபில் ரத்தம் எடுக்கிறவள் ரெஜினா. ரோசியின் தங்கச்சி மகள்.

ரெஜினா கெட்டவள் இல்லை. அவளிடம் எதுவும் தங்காது, அவ்வளவுதான். போன தடவை ஜானட்டுக்கு ரிசல்ட் வருவதற்கு முன்னால் அது பாடகர் குழுவுக்குப் போனது. பாடகர் குழுவிலிருந்து அன்பியத்துக்குப் போனது. தெருவுக்கு ஒன்றாக வீடு வீடாகக் கூடி ஜெபம் சொல்கிற கூட்டம் அது. சாயங்காலமே பெண்கள் ஜெபமாலையும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வந்து, கீழ் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டு, ஜானட்டை நடுவில் உட்காரவைத்தார்கள். அடுத்த வாரமே வேலையிலிருந்து திரும்பும் வழியில் டியூப் வெடித்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் மைல் கணக்கில் நின்றன. ஷேர் ஆட்டோ அவற்றுக்கு நடுவே செருகிக்கொண்டு நகரவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத மனுஷியின் மடியில் சாய்ந்து கிடந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அதே பெண்கள் வந்தார்கள். அதே நாற்காலிகள். அதே ஹார்லிக்ஸ்.

அதனால்தான் இந்தத் தடவை ஊருக்கு வெளியே போனாள். ஞாயிறு டூட்டி என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, பூசைக்குப் போகாமல், எம்.கே.பி. நகருக்கு பஸ் ஏறினாள். இன்று உள்ளே வந்ததும் ஷாஸியா, "நம்பரை மட்டும் சொல்லும்மா" என்றபோது போனைப் பார்த்து இரண்டு நம்பரையும் சொன்னாள். எந்த லேப் என்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டபோது ரோசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஜானட்டின் வேலையே எடைமேடையில்தான். கிடங்கு வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, லாரியைக் காலியாக ஒரு தரம், சரக்கோடு ஒரு தரம் நிறுத்தி எடை அடிக்கிற வேலை. காலி எடையை வேறு எங்காவது போட்டுக்கொண்டு சீட்டை நீட்டும் டிரைவர்களை அவள் உள்ளே விடுவதில்லை. "ரெண்டும் ஒரே மேடையில போட்டாத்தான் கணக்கு. போய் எறக்கிட்டு வா" என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கெட்ட வார்த்தை வாங்கியிருக்கிறாள். அவளைவிட இது யாருக்குத் தெரியும்?

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். படுக்கை தயாராக வேண்டும், மருந்து வர வேண்டும்.

ரோசி தண்ணீர் பாட்டிலைத் திறந்து மருமகளிடம் நீட்டினாள். மாமியாரின் விரல் நுனிகள் எல்லாம் வெடித்து வெளுத்திருந்தன. காசிமேட்டு ஐஸ் ஷெட்டில் இறால் உரித்த கை.

"போதும் ஜானு" என்றாள். "ஊசியப் போட்னு வூட்டுக்குப் போலாம். போன தபா மாரி உன்ன அந்த லாரிங்களுக்கு நடுவுல தேடிகினு ஓட என்னால முடியாது. எனக்கு வயசாவுது."

"ம்."

"கொழந்த இல்லன்னா இன்னா? எத்தினி பேரு இல்லாம கீறாங்க. நான் எதுனா கேட்டனா உன்ன?"

"கேக்கல அத்த."

கேட்கவில்லைதான். ரோசி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஜானட் சுவரில் தலையைச் சாய்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் இன்றைக்கே முடிந்துவிடும். டாக்டர் சொன்னார், போட்டுக்கொண்டோம். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. மாமியார் கஞ்சி வைத்துத் தருவாள். ஜெரி கால் பிடித்துவிடுவான். தூங்கலாம்.

வாயைத் திறந்தால் மறுபடி ரத்தம், மறுபடி காத்திருப்பு. வயிற்றில் காற்று நகர்ந்தாலும் பயம். டியூபிலேயே இருந்து, அதற்குள் வெடித்துவிட்டால் இந்தத் தடவை யார் மடி கிடைக்குமோ. ஒருவேளை நல்லதாகவே இருந்தால்? அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இதே காத்திருப்புதான். முடிந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்புக்கு அவள் கூச்சப்படவில்லை. ரொம்ப நேரம் நின்றவளுக்கு உட்காரத் தோன்றுகிற மாதிரி அது.

ஆனால் ஒரு கணக்கு அவளை விடவில்லை. எம்.கே.பி. நகர் மெஷின் குறைத்துக் காட்டுகிற மெஷினாக இருந்தால், அந்த நானூற்று இருபது நானூற்று இருபதே இல்லை. அது ஐந்நூற்றிருபதாகக்கூட இருக்கலாம். ஐந்நூற்றிருபது என்றால் பாதிக்கு மேல் கூடியிருக்கிறது. பாதிக்கு மேல் கூடியிருந்தால் கரைக்க வேண்டியது எதுவுமில்லை.

"ஜானட், உள்ள வா" என்று ஷாஸியா கூப்பிட்டாள்.

உள்ளே டிரேயில் மருந்து இருந்தது. மஞ்சளாக. ஊசி மருந்து மஞ்சளாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"வெயிட் பாத்துத்தான் டோஸ் போடணும். செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறு."

மூலையிலிருந்த எடை மெஷினில் ஏறினாள். ஷாஸியா குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"இறங்கு, இறங்கு. இதை நம்பாத. இது ரெண்டு கிலோ கூட்டிக் காட்டும். போன வாரம் அந்த ரூம் மெஷின்லதானே பாத்தோம்? அதுலயே பாப்போம். ரெண்டும் ஒரே மெஷினா இருந்தாத்தான் கூடுச்சா கொறஞ்சிச்சான்னு தெரியும்."

ஜானட் இறங்கவில்லை. கீழே முள் ஆடி நின்றது.

"சிஸ்டர்" என்றாள். "ரெண்டும் ஒரே லேப் இல்ல."

"என்னது?"

"பீட்டா. ஒண்ணு திருவொத்தியூர். இன்னொண்ணு எம்.கே.பி. நகர். டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

ஷாஸியா கையிலிருந்ததை டிரேயில் வைத்தாள். சத்தமில்லாமல், மெதுவாக.

"அல்லாவே. ஏறி நிக்கிறப்போவாச்சும் சொன்னியே" என்றாள். டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

டாக்டர் கத்தினார். கத்த வேண்டியதுதான். பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. ரோசி உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீ சொல்லாம இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சுமா பொய் சொன்ன?"

ஜானட் எடை மெஷினிலிருந்து இறங்கினாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர்போல உட்கார்ந்தார்.

"உன்னை வீட்டுக்கு அனுப்பவே எனக்குப் பயமா இருக்கு. ஆனா நல்ல கருவா இருக்கலாம்னு தெரிஞ்சப்புறம் ஊசி போட முடியாது. இன்னைக்கு ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. ஒரே லேப். அடிவயிறு வலிச்சா, தோள்பட்டை வலிச்சா, தலை சுத்தினா ஒடனே வரணும். தனியா இருக்காத. இந்த ரெண்டு நாள் அந்த லாரி ரோட்டுப் பக்கமே போகாத. வீட்டுப் பக்கத்துல எந்த லேப் இருக்கு?"

ஜானட் தரையைப் பார்த்தாள்.

"கோயிலாண்ட ஒண்ணு கீது டாக்டரு" என்றாள் ரோசி. "எங்க பொண்ணுதான் கீறா."

ஆட்டோவில் ரோசி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பழைய ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம டூட்டின்னியே."

"ம்."

"எம்.கே.பி. நகர்ல இன்னா டூட்டி?"

"ரத்தம் குடுக்குற டூட்டி."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தார். ரோசி வந்த சிரிப்பை அடக்க மூக்கை உறிஞ்சினாள்.

"பூசைய வுட்டுட்டு பீலா வுட்டுகினு போயிக்கீற. ரெஜினா வாய்க்குப் பயந்தா?"

"அவ வாய்க்கு இல்ல அத்த. அப்பால வர்ற நாற்காலிங்களுக்கு."

ரோசி மறுபடியும் வெளியே பார்த்தாள். போன தடவை அந்த நாற்காலிகளைக் கீழ் வீட்டிலிருந்து மேலே தூக்கி வந்தவளே அவள்தான்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்."

லேபில் ரெஜினா தலையைத் தூக்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"இன்னா பெரிம்மா, யாருக்கு டெஸ்டு?"

"எனக்குன்னா நம்புவியா? ஜானட்டுக்கு பீட்டா எடு. ரெஜி, இங்க பாரு. இது உன் வாய வுட்டு வெளிய போச்சு, உங்கம்மா சாவுக்குக்கூட நான் வரமாட்டேன்."

"ஐய, இன்னா பெரிம்மா!" ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு சந்தோசத்துல சொல்ட்டேன். கெட்டதா சொன்னேன்?"

"கெட்டது சொல்லல ரெஜி" என்றாள் ஜானட், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "சீக்கிரம் சொல்ட்ட."

ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். நரம்பைத் தடவித் தேடி, வலிக்காமல் குத்தினாள். அவளுக்கு நல்ல கை. சாயங்காலம் நம்பர் வந்தது. எழுநூறு. அது நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒற்றை நம்பருக்கு அர்த்தம் இல்லை என்பதை இப்போது அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

ஜெரி லீவு சொல்லிவிட்டு வந்தான். யார்டு கிரேனில் உட்கார்ந்து கன்டெய்னர் அடுக்குகிறவன். எதையும் மேலிருந்து பார்த்துப் பழகிய ஆள். வீட்டில் அவனுக்கு உட்கார இடம் தெரியவில்லை. பைக்கைப் படிக்கட்டுக்குக் கீழே, முன்சக்கரம் ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினான். வந்து ஜானட்டின் கால்மாட்டில் உட்கார்ந்தான்.

"வலிக்குதா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "வலிக்குதா?"

"நீ கேக்கறதுதான் வலிக்குது."

அவன் தலையைச் சொறிந்தான். "ஏன் ஜானு, ரெண்டு வே-பிரிட்ஜு சீட்டு எட்த்துகினு வர்ற டிரைவரு எல்லாத்தையும் நீயே தொரத்துவ. உனக்கே எப்டி..."

"தெரியும். நீ வாய மூடு."

மூடிக்கொண்டான். அவள் அவன் பக்கம் காலை நீட்டினாள். அவன் பிடித்துவிட்டான். தெருமுனையில் டிரெய்லர்கள் பிரேக் போடும் பெருமூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் இடுப்புக்குக் கீழே ஒரு இழுப்பு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஜெரி சாவியை எடுத்துவிட்டான். ரோசி செருப்பைப் போட்டுவிட்டாள். பிறகு அது போய்விட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரவர் இடத்துக்குத் திரும்பினார்கள்.

வயிற்றில் இருப்பதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. ரோசி ஜெபம் சொன்னாளா என்றுகூட ஜானட்டுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் வாய்க்குள் சொல்லியிருப்பாள்.

புதன்கிழமை மறுபடி அதே லேப், அதே ஊசிக் கை. ரிசல்ட்டை போனில் அனுப்புவதாகச் சொன்ன ரெஜினா, அன்று சாயங்காலம் மாடி ஏறி நேரிலேயே வந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாசலைத் தாண்டி ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"ஆயிரத்து நூத்தி முப்பது" என்றாள்.

ஜானட் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். ரோசி விரல் விட்டு எண்ணப் பார்த்தாள்.

"எழுநூறு... எழுநூறு... ரெட்டிப்புன்னா ஆயிரத்து நானூறு வரணுமே. ஆவலியே."

ஜெரி டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். டாக்டர் இரண்டு நம்பரையும் கேட்டார்.

"ரெண்டும் ஒரே லேப்தானே?"

"ஒரே லேப்தான் டாக்டர்" என்றாள் ஜானட். "ஒரே மெஷின். ரத்தம் எடுத்தவங்ககூட ஒரே ஆளு."

"பாதிக்கு மேல கூடியிருக்கு. இது போதும். எல்லாருக்கும் கரெக்டா ரெட்டிப்பாகாது. ஊசி வேணாம் ஜானட்." டாக்டர் கொஞ்சம் நிறுத்தினார். "நம்பர் ஓடுதுங்கறதுதான் இப்போ தெரியும். எங்க இருக்குன்னு அடுத்த வாரம் ஸ்கேன்லதான் தெரியும். அதுவரைக்கும் முழுசா நம்பிடாத. வலிச்சா எந்நேரமானாலும் கூப்பிடு."

போன் அணைந்தது. யாரும் கத்தவில்லை. ஜெரி தரையில் அப்படியே உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான். ரோசி சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்காததுபோல அடுப்பைப் பார்த்தாள். ஜானட்டுக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. டிரேயில் இருந்த அந்த மஞ்சள் மட்டும் ஒரு தரம் கண்ணுக்குள் வந்து போனது. தூக்கம் வந்தது. திங்கட்கிழமையிலிருந்து தள்ளிப்போட்ட தூக்கம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"அப்ப நான் கெளம்பறேன் பெரிம்மா" என்றாள் ரெஜினா. அவள் முகம் சிவந்திருந்தது. உதடுகளை உள்ளே இழுத்து வைத்திருந்தாள்.

ரோசி திரும்பினாள். "கீய யாருனா உன்னப் பாத்தாங்களா?"

"கீய் வூட்டு செலின் அக்கா நின்னுகினு இருந்தாங்க. இன்னா ரெஜி, மாடிக்கு ஓடுறன்னு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"நெஜமா?"

"நெஜமா பெரிம்மா." ரெஜினா எச்சிலை விழுங்கினாள். "இன்னும் சொல்லல."

ரோசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னிக்கு பாட்டு பிராக்டீசு கீதா?"

"கீது. ஏழு மணிக்கு."

"இல்ல. உனக்கு இல்ல. இங்கியே துன்னுட்டு, இங்கியே படு. உங்கம்மாவுக்கு நான் போன் போட்டுக்கறேன்."

"பெரிம்மா!"

ரோசி அவள் கையைப் பிடித்து வெளியிலிருந்த காலையும் உள்ளே இழுத்தாள். ஜானட் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். ரெஜினாவின் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்படுவதும், தாழ்ப்பாள் விழுவதும், பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றுவதும் அவளுக்குக் கேட்டன.